பாடத்திட்டத்தில் அறம் இருந்தது

1

போன ஆண்டு ஆடி மாதம், தென்மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் தமிழ் மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு ‘மருத்துவமும் அறமும்’. எனக்கும் மருத்துவத்திற்கும் உள்ள உறவு நோயாளி என்கிற உறவு மட்டும்தான். ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவன் என்றால் அறம் பற்றிப் பேசத் தகுதியானவன் என்றொரு நம்பிக்கை நம் ஊரில் இருக்கிறது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பாமல் போய்ச் சேர்ந்தேன்.

குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். அதன் கடைசிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்கிறது. அதில் முதலில் வருபவன் நோயாளி. பிறகுதான் மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவன். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. அங்கே முதலில் வருபவர் மருத்துவர், நான்கில் தலையானவரும் அவரே. இந்த வரிசை வேறுபாட்டைச் சொன்னதும் அரங்கில் நல்ல கைதட்டல். யாப்புக்காகக்கூட அந்த வரிசை அப்படி அமைந்திருக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை. கைதட்டலுக்கு ஆசைப்பட்ட மனசு.

பேசி முடித்ததும் முதலாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “சார், இதெல்லாம் சொல்லிக் குடுத்தா வந்துருமா? சொல்லிக் குடுக்காததாலதான் டாக்டர்ங்க தப்புப் பண்றாங்களா?”

என்னவோ சொல்லிச் சமாளித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை. அந்த மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்றும் இதைக் கொள்ளலாம்.

2

மருத்துவ அறவியல் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நாஜி ஜெர்மனியில் மருத்துவர்கள் அறம் என்பதே இல்லாமல் மனிதர்களைக் கொன்றார்கள், உயிரோடு பரிசோதனை செய்தார்கள். 1946 டிசம்பர் 9ஆம் தேதி நியூரம்பெர்க்கில் மருத்துவர்கள் மீதான வழக்கு தொடங்கியது. 1947 ஆகஸ்டில் வந்த தீர்ப்போடு பத்து அம்சங்கள் கொண்ட நியூரம்பெர்க் நெறிமுறை பிறந்தது. அன்றிலிருந்து மருத்துவ உலகம் அறத்தைக் கற்றுக்கொண்டது. இருட்டு, பிறகு வெளிச்சம். எல்லாப் பெருங்கதையாடல்களையும் போலவே கேட்பதற்குச் சுகமான கதை. கட்டுடைக்கப் பெரிய கோட்பாட்டு ஆயுதம் எதுவும் தேவையில்லை. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும், கதை தானாகப் பிரிந்து விழுகிறது.

1890களில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட் நைசர், பாலியல் தொழிலாளிகள் உள்ளிட்ட பெண்களின் உடலில், சிபிலிஸ் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஊநீரை அவர்களிடம் கேட்காமலே செலுத்தினார். சிலருக்கு நோய் வந்தது. நோய் ஊசியால் வரவில்லை, அவர்கள் தொழிலால் வந்தது என்றார் பேராசிரியர். (இந்த வாதத்தை நாம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) பத்திரிகைகள் கிளப்பின. வழக்கு நடந்து 300 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. 1900 டிசம்பரில் பிரஷ்ய அரசு ஓர் ஆணை போட்டது: சிகிச்சைக்கு அல்லாத எந்தத் தலையீட்டையும் அதன் விளைவுகளை விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்காமல் செய்யக் கூடாது, சிறுவர்கள் மீது கூடவே கூடாது.

1902இல் பெர்லின் மருத்துவர் ஆல்பர்ட் மோல் மருத்துவ அறவியல் குறித்துப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். கேட்காமல் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைப் பல நாட்டு மருத்துவ ஏடுகளிலிருந்தே பொறுக்கித் திரட்டினார். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ளது ஓர் ஒப்பந்தம், அதற்கு மேலே எந்தப் புனிதமும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

1930இல் லூபெக் நகரில் காசநோய்த் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்தில் வீரியமுள்ள கிருமி கலந்திருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும் மருத்துவருமான ஜூலியஸ் மோசஸ் போன்றோர் விடாமல் குரல் எழுப்பினார்கள். 1931 பிப்ரவரியில் ஜெர்மன் உள்துறை அமைச்சகம் 14 அம்சங்கள் கொண்ட விதிமுறைகளை வெளியிட்டது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை இல்லை. ஒருவரின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. சாகக் கிடப்பவர் மீது பரிசோதனை கூடாது. கடைசி அம்சம் இன்னும் முக்கியம்: மருத்துவக் கல்வியில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கடமைகளை மாணவர்களுக்கு வலியுறுத்த வேண்டும்.

ஆக, 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது மருத்துவப் பரிசோதனை குறித்து உலகிலேயே விரிவான அறநெறி விதிகள் வைத்திருந்த நாடுகளில் முன்வரிசையில் நின்றது ஜெர்மனிதான். விதிகளை எழுத வைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? யூதக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவத்திற்கு மாறிய மோலின் மருத்துவ உரிமம் 1938இல் பறிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதியோடு யூத மருத்துவர்கள் அனைவரின் உரிமமும் ரத்து. மோல் 1939இல் இறந்தார். மோசஸ் 1942இல் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். விதிகள் காகிதத்தில் அப்படியே இருந்தன. அவற்றைக் கேட்கிற வாய்கள்தான் இல்லாமல் போயின.

3

இனிமேல் வருவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி.

1939இலிருந்து ஜெர்மன் மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் ‘மருத்துவச் சட்டமும் தொழில்நெறியும்’ என்றொரு பாடம் கட்டாயமாக்கப்பட்டது. மருத்துவ அறவியலைப் பாடத்திட்டத்தின் பகுதியாக, எல்லாக் கல்லூரிகளிலும், எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தது நாஜி அரசு. ஃப்ளோரியன் ப்ரூன்ஸ், டெஸ்ஸா செலுஷ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பாடத்தின் வரலாற்றை 2017இல் விரிவாக வெளிக்கொண்டு வந்தார்கள். பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் நெடுநாளைய கட்சிக்காரர்கள். பெர்லினில் இதை நடத்திய ருடால்ஃப் ராம் எழுதிய பாடநூல் 1942இல் வந்தது, அடுத்த ஆண்டே மறுபதிப்புக் கண்டது.

அந்தப் பாடத்தில் என்ன இருந்தது? ‘கொலை செய்’ என்றா இருந்திருக்கும்? இல்லை. கடமை இருந்தது. தியாகம், தொண்டு, சக மருத்துவரை மதித்தல், நோயாளியின் ரகசியம் என்று நமக்குப் பழக்கமான சொற்கள் எல்லாமே இருந்தன. மருத்துவர் வெறும் வியாபாரி அல்ல, தேசத்தின் ஆரோக்கியத்திற்கு வழிகாட்டி என்று இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. இந்தக் கடமை யாருக்கு என்கிற இடம். நோயாளி உட்கார்ந்திருந்த நாற்காலியில் ‘மக்கள் உடல்’ என்கிற கருத்துருவத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். தேசம் ஓர் உடல். மருத்துவர் அந்த உடலுக்கு வைத்தியம் பார்ப்பவர். அந்த உடலில் அழுகிய பகுதி இருந்தால் வெட்டுவதுதானே வைத்தியம்?

உருவகம் எவ்வளவு அபாயமானது என்பதை இலக்கியம் படித்தவர்கள் நாம் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேசம் உடல் என்பது வெறும் உருவகம். ஆனால் அந்த உருவகம் பாடநூலுக்குள் நுழைந்து, சட்டத்திற்குள் நுழைந்து, அறுவைச் சிகிச்சை மேசைக்கு வந்தபோது, வெட்டுப்பட்டது உருவகம் அல்ல. 1933 ஜூலையில் இயற்றப்பட்ட பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. செய்தவர்கள் மருத்துவர்கள். 1940, 1941 ஆண்டுகளில் மனநோய் விடுதிகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000 பேர் ஆறு மையங்களில் வாயு செலுத்திக் கொல்லப்பட்டார்கள். யார் சாக வேண்டும் என்பதை மருத்துவ வல்லுநர்கள் படிவத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் மரணம், நீலப் பென்சிலால் கழித்தல் குறி போட்டால் உயிர். நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. வாயுக் குழாயைத் திறப்பது மட்டும் மருத்துவரே செய்ய வேண்டிய வேலை என்று வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு தொழில்நெறிதான்!

ஃபூக்கோவைப் படித்த நம்மில் பலர் மருத்துவ நோக்கு, உடல் மீதான அதிகாரம் என்று நிறையப் பேசியிருக்கிறோம். அதிகாரம் தடுப்பது மட்டுமல்ல, உற்பத்தியும் செய்கிறது என்பதை மேற்கோளாகச் சொல்லுவோம். அறத்தையும் அது உற்பத்தி செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. அறமில்லாத மருத்துவர்களை நாஜி அரசு விரும்பவில்லை. அறமுள்ள மருத்துவர்களைத்தான் விரும்பியது, தன்னுடைய அறம் உள்ளவர்களை. 1945 வாக்கில் ஜெர்மன் மருத்துவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் கட்சி உறுப்பினர்களாக இருந்தார்கள். எந்தத் தொழிலைவிடவும் இது அதிகமான விகிதங்களில் ஒன்று. இத்தனை பேரையும் மிரட்டிச் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

யோவாகிம் ம்ருகோவ்ஸ்கி என்கிற மருத்துவரைப் பாருங்கள். ஹூஃபெலாண்ட் என்கிற பழைய ஜெர்மன் மருத்துவ அறிஞரின் எழுத்தைப் பதிப்பித்து, மருத்துவ அறம் என்னும் தலைப்பில் 1939இல் நூலாக வெளியிட்டவர் இவர். போர்க்காலத்தில் எஸ்.எஸ். படையின் சுகாதார நிறுவனத் தலைவர். முகாம்களில் கைதிகள் மீது நடந்த பரிசோதனைகளுக்காக நியூரம்பெர்க்கில் மரண தண்டனை பெற்று 1948 ஜூன் 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட ஏழு பேரில் இவரும் ஒருவர். அறம் பற்றிப் புத்தகம் போட்டவர். வாசிக்காதவர் இல்லை, நம் பாஷையில் சொன்னால் நல்ல பதிப்பாசிரியர்.

4

வகுப்பறையில் சொல்லப்படும் பாடம் ஒன்று. சொல்லப்படாமல் கற்றுக்கொள்ளப்படும் பாடம் இன்னொன்று. மருத்துவ மாணவருக்கு இந்த இரண்டாவது பாடம் உடற்கூறு மேசையில்தான் தொடங்குகிறது.

ஹிட்லர் ஆட்சியில் மரண தண்டனை பெருகப் பெருக, உடற்கூறு நிறுவனங்களுக்கு உடல்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன. வியன்னா பல்கலைக்கழகம் தன் கடந்தகாலத்தைத் தானே விசாரித்து 1998இல் தந்த அறிக்கை, தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் குறைந்தது 1,377 அங்கே வந்து சேர்ந்தன என்று கணக்குச் சொன்னது. அந்த நிறுவனத்தின் தலைவர் எடுவார்ட் பெர்ன்கோப்ஃப். 1938இல் மருத்துவத் துறை முதல்வர், 1943இல் பல்கலைக்கழகத் தலைவர். அவருடைய உடற்கூறு வரைபட நூல் அழகுக்கும் துல்லியத்திற்கும் பேர் போனது. உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அதைப் பார்த்துக் கற்றார்கள். பழைய பதிப்புகளில் ஓவியர்கள் சிலர் தங்கள் கையெழுத்தோடு ஸ்வஸ்திகாவையும் சேர்த்து வரைந்திருந்தார்கள்.

அந்த மேசைகளைச் சுற்றி நின்று படித்த மாணவர்கள் யாரும் கொலைகாரர்கள் இல்லை. இருபது வயசுப் பிள்ளைகள். பரீட்சைக்குப் படித்தார்கள். எதிரே கிடப்பவருக்கு ஒரு பேர் இருந்தது, தண்டிக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது என்று கேட்க அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. கேட்காமலிருக்கப் பழகுவதே முதல் பாடம்.

கேட்டவர்களும் உண்டு. பெர்லினில் ஹெர்மன் ஷ்டீவ என்னும் உடற்கூறுப் பேராசிரியரிடம் உதவியாளராக இருந்த இளம் மருத்துவர் ஷார்லட் பொம்மர். 1942 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, அன்றைக்குக் கொல்லப்பட்ட அரசியல் எதிர்ப்பாளர்களின் உடல்கள் மேசைக்கு வந்தன. ஹாரோ ஷூல்ட்சே-பாய்சன், அவர் மனைவி லிபர்ட்டாஸ், ஆர்விட் ஹார்நாக் ஆகியோரின் உடல்களை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். பெரிய புரட்சி இல்லை. ஆனால் இந்தக் காரணத்துக்காக வெளியேறினார் என்று அறியப்பட்டவர்களைத் தேடினால் வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

ம்யூனிக்கில் ஹான்ஸ் ஷோல், அலெக்சாண்டர் ஷ்மோரல், வில்லி கிராஃப். மூவரும் அங்கே மருத்துவ மாணவர்கள். கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட்டும் மருத்துவம் படித்தவர்தான். ஹான்ஸின் தங்கை சோஃபி உயிரியலும் தத்துவமும் படித்தவர். ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் துண்டறிக்கை எழுதி, போலந்தில் யூதர்கள் கொல்லப்படுவதை 1942இலேயே ஜெர்மன் மொழியில் ஜெர்மானியர்களுக்குச் சொன்னவர்கள். ஐந்து பேரும் 1943இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்டாயப் பாடம் நடப்பில் இருந்த காலத்தில் மருத்துவம் படித்தவர்கள் இவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாடம் எல்லோரிடமும் வேலை செய்யவில்லை. ஏன்?

கூடிப் படித்தார்கள், பேசினார்கள், பாடத்திட்டத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு வட்டம் இருந்தது, 1942 கோடையில் கிழக்குப் போர்முனைக்குச் சென்று நேரில் பார்த்தார்கள் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கு ‘வாசிப்பு வட்டம்’ என்றதும் ஒரு பெருமிதம் வரும். அவசரப்பட வேண்டாம். ம்ருகோவ்ஸ்கியும் வாசித்தவர்தான் என்பதை முன்பே பார்த்தோம். எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: இவர்கள் செய்தது ஒரு நெறியைக் கடைப்பிடித்த செயல் அல்ல, ஒரு நெறியை மறுத்த செயல். தங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட கடமையை அவர்கள் மீறினார்கள். அறத்தைக் கீழ்ப்படிதலாகச் சொல்லிக்கொடுக்கிற எந்தப் பாடத்திட்டத்திலும் இவர்களுக்கு மதிப்பெண் விழாது.

5

நியூரம்பெர்க்குக்குத் திரும்புவோம். குற்றவாளிக் கூண்டில் 23 பேர், அதில் 20 பேர் மருத்துவர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்: அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலச் சிறைக் கைதிகள் மீது மலேரியாப் பரிசோதனை நடக்கவில்லையா? குற்றத்தை நியாயப்படுத்தக் கேட்ட கேள்விதான். என்றாலும் கேள்வி பொய் இல்லை.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932இல் தொடங்கிய ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு அவர்களின் நோய் என்னவென்று சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியூரம்பெர்க் நெறிமுறைக்குப் பிறகும் 25 ஆண்டுகள், 1972 வரை. அதை வெளியே கொண்டுவந்தவர் மருத்துவர் அல்ல. அந்தத் துறையில் பாலியல் நோயாளிகளைப் பேட்டி காணும் வேலையில் இருந்த பீட்டர் பக்ஸ்டன். பிராக் நகரில் பிறந்து, யூதத் தந்தையோடு குழந்தையாக அமெரிக்கா வந்தவர். நியூரம்பெர்க்கையும் டஸ்கீகியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. 1966இலிருந்து மேலதிகாரிகளுக்கு எழுதினார், நடக்கவில்லை. கடைசியில் பத்திரிகைக்குப் போனார். 1972 ஜூலையில் செய்தி வந்தது, ஆய்வு நின்றது.

நியூரம்பெர்க் நெறிமுறை அவர்கள் காட்டுமிராண்டிகளுக்கு எழுதப்பட்டது, நமக்கு எதற்கு என்று அமெரிக்க மருத்துவ உலகம் நினைத்துக்கொண்டது. ‘மற்றவன்’ மேல் குற்றத்தை ஏற்றிவிட்டால் நாம் சுத்தம் என்கிற பழைய தந்திரம்.

ஜெர்மனியில் என்ன நடந்தது? வழக்கைக் கவனித்து அறிக்கை எழுத அலெக்சாண்டர் மிச்சர்லிஷ் என்னும் மருத்துவரை மருத்துவ அமைப்புகள் அனுப்பின. அவரோடு போனவர்களில் ஒருவர் ஃபிரெட் மீல்க்கே, மருத்துவ மாணவர். 1947இல் இவர்கள் ஆவணங்களை வெளியிட்டதும் பெரிய பேராசிரியர்கள் கோபப்பட்டார்கள், தொழிலுக்கே களங்கம் என்றார்கள். 1949இல் மருத்துவர்களுக்காகவே விரிவான பதிப்பு 10,000 படிகள் அச்சாயின. ஏறக்குறைய எந்த எதிர்வினையும் இல்லை என்று மிச்சர்லிஷ் பின்னாளில் பதிவு செய்தார். ஜெர்மன் மருத்துவப் பேரவை பாதிக்கப்பட்டோரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012இல், அதே நியூரம்பெர்க் நகரில். வழக்கின் தீர்ப்பு வந்து 65 ஆண்டுகள் கழிந்து.

ராம்? அவரை 1945லேயே சோவியத் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனைக்கு அனுப்பிவிட்டது. ஆனால் அவர் பாடத்தைப் படித்து வெளியே வந்த மாணவர்கள் போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தார்கள்.

6

இந்தியாவையும் நாஜி ஜெர்மனியையும் ஒன்றாக்கும் மலிவான வேலையை நான் செய்யப் போவதில்லை. ஆனால் ‘நோயாளியின் நாற்காலியில் யார்’ என்கிற கேள்வியை இங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்கிற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்திற்கும் அதிகமான கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் கட்டாயப்படுத்திச் செய்யப்பட்டவை எத்தனை என்பதை மேசையில் படுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கத்தியைப் பிடித்தவர்களும் உறுதிமொழி எடுத்தவர்கள்தான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ‘மக்கள்தொகை’. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தது ‘இலக்கு’.

2019இல் இந்திய மருத்துவக் கவுன்சில் புதிய பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறவியல், நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டாயப் பாடமாக்கியது. நல்லது. வரவேற்க வேண்டியது. ஆனால் நம்மூர் ஆட்களுக்கு மருத்துவ அறம் என்றதும் ஞாபகம் வருவது அந்தப் பாடம் அல்ல, 2022 ஏப்ரல் 30ஆம் தேதி மதுரை மருத்துவக் கல்லூரியில் நடந்த சண்டைதான். ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதில் சரகர் உறுதிமொழியை மாணவர்கள் எடுத்தார்கள். கல்லூரி முதல்வர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், சில நாட்களில் திரும்பவும் அமர்த்தப்பட்டார். கிரேக்கமா சமஸ்கிருதமா என்று ஊரே இரண்டுபட்டது.

மொழித் திணிப்பை எதிர்ப்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த நாட்களில் இரண்டு உறுதிமொழிகளின் மூலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தவர்கள் எத்தனை பேர்? சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் எட்டாம் அத்தியாயத்தில் குரு மாணவனுக்குச் சொல்லும் கட்டளைகளில், நோயாளிக்காக உயிரையும் கொடுத்து உழை என்றும், வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லாதே என்றும் நல்ல வாசகங்கள் உண்டு. கூடவே, அரசனால் வெறுக்கப்படுபவனுக்கும் அரசனை வெறுப்பவனுக்கும் மருந்து கொடுக்காதே என்றும் இருக்கிறது. கணவனோ காப்பாளரோ உடனில்லாத பெண்ணுக்கும் கொடுக்கக் கூடாது. அதே நூலின் சூத்திரஸ்தானம் ஆயுர்வேதம் கற்கத் தக்கவர்களாக மேல் மூன்று வருணத்தாரைத்தான் சொல்கிறது. ஹிப்போகிரட்டிஸ் பெயரிலுள்ளதோ, ஆசிரியரின் ஆண்பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் தொழில் கற்றுக்கொடுப்பேன், உறுதிமொழி எடுக்காத வெளியாளுக்குக் கற்றுத்தர மாட்டேன் என்று தொடங்குகிறது. இரண்டுமே அடிப்படையில் குழுச் சங்கத்து ஆவணங்கள். தொழில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கவலை.

‘அரசனை வெறுப்பவனுக்கு மருந்து கொடுக்காதே’ என்கிற வாசகத்தை இன்றைக்கு வாசிக்கிறபோது, போராட்டத்தில் அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவரின் முகம் எனக்கு ஞாபகம் வருகிறது. உங்களுக்கு வராதா?

சொல்லப்படாத பாடம் நம்மிடமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் உடற்கூறுச் சட்டப்படி, யாரும் உரிமை கோராத உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகின்றன. ‘உரிமை கோரப்படாத’ என்பது சட்டத்தின் சொல். தெருவோரத்தில் செத்தவர், பிழைக்க வந்த ஊரில் அடையாளம் தெரியாமல் போனவர், சேதி சொல்ல ஆளில்லாதவர் என்று அதைப் பிரித்து வாசிக்கலாம். இப்போது பல கல்லூரிகளில் முதல் நாள் அந்த உடலுக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அழகான சடங்கு. ஆனால் அந்தச் சடங்கில் ஒரு கேள்விக்கு இடம் இருக்கிறதா: எங்கள் மேசைக்கு ஏன் எப்போதும் ஏழையே வந்து சேர்கிறான்? இந்த ஆள் உயிரோடு இருந்தபோது இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை நாள் கிடந்தார்? வார்டில் நோயாளிக்குப் பெயர் போய்ப் படுக்கை எண் வருவதும், ‘இன்னிக்கு நல்ல கேஸ் ஒண்ணு வந்திருக்கு’ என்று சொல்லப் பழகுவதும், எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத பாடங்கள். அவை நன்றாகவே மனதில் பதிகின்றன.

7

அந்த மாணவிக்கு வருகிறேன். சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுமா?

தங்கச்சி, சொல்லிக்கொடுத்தால் கண்டிப்பாக ஏதோ ஒன்று வரும். அதுதான் பயம். 1939க்குப் பிந்தைய ஜெர்மனியில் சொல்லிக்கொடுத்தார்கள், வந்தது. ஆகவே ‘அறத்தைச் சொல்லிக்கொடு’ என்கிற கோரிக்கை போதாது. யார் சொல்லிக்கொடுக்கிறார், யாருக்கான கடமையாகச் சொல்கிறார், மறுக்கிற மாணவருக்கு என்ன நடக்கும் என்கிற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லாத இடத்தில் முதல் இரண்டும் அலங்காரம்.

நெறியாக அல்லாமல் வரலாறாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மோலையும் மோசஸையும் சொல்லலாம். ராமின் பாடநூலையே மேசையில் வைத்து, இதில் எது தப்பு, எந்த வரியில் நோயாளி காணாமல் போகிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். நெருக்கடி நிலை முகாம்களில் கத்தி பிடித்தவர்களில் உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம். பொம்மர் வேலையை விட்டுப் போன அந்த டிசம்பர் இரவை, உடற்கூறு வகுப்பின் முதல் நாளில் சொல்லலாம். இதனால் நல்ல மருத்துவர்கள் உற்பத்தியாவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ‘மாட்டேன்’ என்று சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள், அது நடக்கக்கூடிய காரியம்தான் என்றாவது ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

நான் அந்தக் குறள் வரிசையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதையும் இப்போது திருத்திக்கொள்கிறேன். நோயாளி செய்யுளில் முதலில் வருவதால் வார்டிலும் முதலில் வருவார் என்றில்லை. தமிழ்ப் பெருமை பேசி முடிக்கிற இடத்தில்தான் கேள்வி தொடங்க வேண்டியிருந்தது. அதை நான் தொடங்கவில்லை, அந்தப் பெண்தான் தொடங்கியது.

இந்த இதழை வாசிக்கும் மருத்துவத் தோழர்கள், குறிப்பாக அரசு மருத்துவமனைகளில் பயிற்சியில் இருப்பவர்கள், தாங்கள் எழுதப்படாமல் கற்ற பாடங்களை எழுத வேண்டும். மறுக்க நினைத்து மறுக்க முடியாமல் போன தருணங்களை முதலில். பெயர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். வெளியே நிற்கிற என்னைப் போன்றவன் இதற்கு மேல் பேசினால் அது இன்னொரு பொன்னாடைப் பேச்சாகிவிடும்.